ஆர்டர் ஏன் வரலன்னு தெரியணுமா, அஞ்சு பேர் கையில உங்க சைட்ட குடுத்துட்டு சும்மா பாருங்க

"டிராஃபிக் வருது சார், ஆர்டர்தான் வரல." எண்ணெய், கருப்பட்டி, முறுக்கு, சேலைன்னு சொந்தமா வெப்சைட் வச்சு விக்கிற சின்ன கடைக்காரங்க கிட்ட இருந்து அதிகமா வர்ற கேள்வி இது. இதுக்கு கிடைக்கிற பதிலும் எப்பவும் ஒரே மாதிரிதான் இருக்கும், பேனர மாத்துங்க, கலர் டல்லா இருக்கு, சைட்டோட தீம் (ரெடிமேட் டிசைன்) பழசு, இன்ஸ்டால இன்னும் கொஞ்சம் காசு போடுங்க. இதெல்லாம் பண்ணி காசு போனதுக்கு அப்புறமும் ஆர்டர் அதே எண்ணிக்கைலதான் நிக்கும், ஏன்னா வர்றவங்க எந்த இடத்துல மாட்டிக்கிறாங்கன்னு யாருமே பாக்கல. பாக்குறதுக்கு ஒரு வழி இருக்கு, செலவும் பெருசா ஆகாது. வாங்குற ஆளுங்க அஞ்சு பேர ஒவ்வொருத்தரா உக்கார வச்சு, சைட்ட திறந்து குடுத்து, ஒரு பொருள் வாங்கச் சொல்லிட்டு, வாயத் திறக்காம பாக்கணும், அவ்வளவுதான். யூசபிலிட்டி டெஸ்ட்டிங்னு பெருசா பேர் வச்சிருக்காங்க, ஆனா ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும்.

ஏன் அஞ்சு பேர்னா, இந்த மாதிரி டெஸ்ட்டுங்கள ஆராயற ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டாவரும் 1993-ல பல டெஸ்ட்டுங்களோட முடிவ சேத்து வச்சு ஒரு கணக்கு போட்டாங்க. ஒரு ஆள் உக்காந்து பாத்தா ஒரு டிசைன்ல இருக்கற குறைங்கள்ல சராசரியா 31 சதவீதம் வெளிய வந்துடுது, அடுத்த ஆள் வரும்போது பாதி பழைய குறையே திரும்ப வரும் கொஞ்சம் புதுசு வரும், இப்படியே அஞ்சு பேர் முடியும்போது கிட்டத்தட்ட 85 சதவீதம் தெரிஞ்சுடும், அதுக்கு மேல ஆள் கூட்டக் கூட்ட பாத்ததையேதான் பாப்பீங்க. இது சராசரிக் கணக்குதான், உங்க சைட்டுக்கு அப்படியே 85 வரும்னு கேரண்டி இல்ல, ஆனா இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது என்னன்னா 15 பேர ஒரே நாள்ல பாக்குறதுக்கு பதிலா அஞ்சு பேர பாத்து, தெரிஞ்சத சரி பண்ணி, வேற அஞ்சு பேர பாக்குறது எவ்வளவோ மேல்.

ஆள் புடிக்கிறதுலதான் நிறைய பேர் சொதப்புறாங்க. தம்பிய கூப்பிடுவாங்க, ஐடில வேல பாக்குற ஃப்ரெண்ட கூப்பிடுவாங்க, கடைல வேல செய்யற பையனையே கூப்பிடுவாங்க. தம்பிக்கு சைட் ஏற்கனவே மனப்பாடம், ஐடி ஃப்ரெண்டுக்கு எந்த சைட்டா இருந்தாலும் வழி தெரியும், கடைப் பையன் முதலாளி முன்னாடி குறை சொல்ல மாட்டான். உங்க பொருள காசு குடுத்து வாங்கக் கூடிய ஆள் வேணும். மரச்செக்கு எண்ணெய்னு வச்சுக்குவோம், வீட்டுச் சாமான் லிஸ்ட் எழுதுற அக்கா ஒருத்தர், 50 தாண்டி கண்ணாடி போட்ட ஒருத்தர், தமிழ் மட்டும் சரளமா படிக்கிற ஒருத்தர், ஆன்லைன்ல அடிக்கடி வாங்குற ஒருத்தர், இதுவரைக்கும் பெரிய ஆப் தவிர வேற எங்கயும் வாங்காத ஒருத்தர்னு கலந்து இருந்தா நல்லது. வந்தவங்களுக்கு ஒரு லிட்டர் கடலை எண்ணெய் குடுத்து அனுப்புங்க, சும்மா நேரத்த எடுத்துக்காதீங்க.

போன் அவங்க போன்தான். இத விட்டுக் குடுக்கவே கூடாது. உங்க போன்ல சைட் ஏற்கனவே ஒருக்கா லோட் ஆகி போன்லயே சேமிச்சுக் கிடக்கும், வைஃபை இருக்கும், ஸ்க்ரீன் பெருசா இருக்கும். அந்த 50 வயசுக்காரர் போன்ல எழுத்து சைஸ செட்டிங்ஸ்ல போய் பெருசாக்கி வச்சிருப்பார், உங்க பட்டன் மேல இருக்கற எழுத்து பாதி வெட்டிட்டு நிக்கும், அத நீங்க ஜென்மத்துக்கும் பாத்திருக்க மாட்டீங்க. வைஃபை ஆஃப் பண்ணிட்டு அவங்க டேட்டாலயே போகச் சொல்லுங்க. இன்னொண்ணு, விளம்பரம் இன்ஸ்டால போடறீங்கன்னா இன்ஸ்டால இருந்தே லிங்க்க தட்டி வரச் சொல்லுங்க, ஏன்னா அது குரோம்ல திறக்காது, இன்ஸ்டாவுக்குள்ளயே இருக்கற குட்டி பிரவுசர்ல திறக்கும், குரோம்ல சேவ் பண்ணி வச்ச அட்ரஸ் பாஸ்வேர்ட் எதுவும் அங்க வராது, சில நேரம் அதுக்குள்ள இருந்து யூபிஐ ஆப்புக்கு தாவுறதே தகராறு பண்ணும். நீங்க லேப்டாப்ல பாத்த சைட்டும் அவங்க இன்ஸ்டாவுக்குள்ள பாக்குற சைட்டும் ஒண்ணே கிடையாது.

என்ன செய்யச் சொல்லணும்ங்கறத முன்னாடியே பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. "நல்லெண்ணெய கார்ட்ல ஆட் பண்ணி செக்அவுட் பண்ணுங்க"ன்னு எழுதினா டெஸ்ட் அங்கயே முடிஞ்சுது, ஏன்னா எந்த பட்டன தேடணும்னு நீங்களே சொல்லிட்டீங்க. சூழ்நிலையா குடுங்க: "உங்க அக்கா திண்டுக்கல்ல இருக்காங்க, அவங்க வீட்டுக்கு வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டு லிட்டர் நல்லெண்ணெய் போய்ச் சேரணும், மொத்தம் எவ்வளவு ஆகும்னு பாத்து ஆர்டர் போடுங்க." இந்த ஒரு வரியிலயே தேடறது, அளவு மாத்தறது, டெலிவரி நாள், டெலிவரி சார்ஜ், வேற ஒருத்தர் அட்ரஸ் போடறது எல்லாம் வந்துடும். ரெண்டாவதா ஒண்ணு வேணும்னா "போன மாசம் வாங்கினதுல மூடி ஒழுகிடுச்சு, என்ன பண்ணலாம்னு பாருங்க"ன்னு குடுங்க, ரிட்டர்ன் விவரம் எங்க ஒளிஞ்சிருக்குன்னு தெரியும். மூணுக்கு மேல வேணாம், அரை மணி நேரத்துக்கு மேல போனா ஆள் சோர்ந்துடுவாங்க. பணம் கட்டற பேமென்ட் கேட்வேல நிஜக் காசு போகாத டெஸ்ட் மோட் இருந்தா அதப் போடுங்க, இல்லன்னா கேஷ் ஆன் டெலிவரில போட்டு அப்புறம் கேன்சல் பண்ணிக்கலாம்.

ஆரம்பிக்கும்போது ரெண்டு விஷயம் சொல்லணும். ஒண்ணு, "உங்கள டெஸ்ட் பண்ணல, இந்த சைட்டத்தான் டெஸ்ட் பண்றோம், தப்பா போனா அது சைட்டோட தப்பு." இத சொல்லலன்னா "எனக்கு இந்த போன் வேலையெல்லாம் வராதுப்பா"ன்னு அவங்களே தன் மேல பழியப் போட்டுக்கிட்டு நகர்ந்துடுவாங்க. இன்னொண்ணு, மனசுல ஓடறத வாய்விட்டு சொல்லிக்கிட்டே பண்ணச் சொல்லுங்க, "இது என்ன, இத அமுக்கினா எங்க போகும்"னு சத்தமா யோசிச்சா போதும். அப்புறம், சைட்ட நீங்கதான் பண்ணீங்கன்னு தெரிஞ்சா மூஞ்சிக்கு நேரா குறை சொல்ல நம்மாளுங்களுக்கு மனசு வராது, "நல்லாத்தான் இருக்கு தம்பி"ன்னு முடிச்சுடுவாங்க, அதனால முடிஞ்சா டெஸ்ட்ட நடத்துறதுக்கு வேற ஒருத்தர வைங்க. ஆண்ட்ராய்டு 11-ல இருந்து ஸ்க்ரீன் ரெக்கார்டர் போன்லயே இருக்கு, மைக்கையும் சேத்து ஆன் பண்ணிக்கலாம், ஆனா கேட்டுட்டு பண்ணுங்க, ஓடிபி பாஸ்வேர்ட் வர்ற இடத்துல நிறுத்திடுங்க.

இப்ப கஷ்டமான வேல, சும்மா இருக்கறது. அக்கா மூணு தடவ மேலயும் கீழயும் ஸ்க்ரோல் பண்ணி தேடிட்டு இருப்பாங்க, பட்டன் அங்கயேதான் இருக்கும், உங்களுக்கு நாக்கு துடிக்கும், "அதோ வலது பக்கம் பாருங்கக்கா"ன்னு. சொல்லிடாதீங்க. நிஜமா ஆர்டர் போடும்போது நீங்க பக்கத்துல இருக்கப் போறதில்ல. "இத அமுக்கவா?"ன்னு கேட்டா "நான் இங்க இல்லன்னா என்னக்கா பண்ணுவீங்க?"ன்னு திருப்பிக் கேளுங்க. அவங்களே "நான் விட்டுடுவேன்"னு சொன்னா அந்த இடத்த பெருசா வட்டம் போட்டு வைங்க, உங்க ஆர்டர் அங்கதான் போகுது. நோட்டுல எழுதும்போது பாத்தத மட்டும் எழுதுங்க: பேக் அமுக்கினார், ரெண்டு விரலால பெருசாக்கினார், போட்டோவ தட்டினார் ஒண்ணும் ஆகல, விலைய சத்தமா படிச்சுட்டு நிறுத்தினார். காரணத்த அப்புறம் யோசிக்கலாம். "உங்களுக்கு டிசைன் பிடிச்சிருக்கா"ன்னு கடைசில கூட கேக்காதீங்க, பிடிச்சிருக்குன்னுதான் சொல்லுவாங்க, அத வச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல.

சரி, இப்படி உக்காந்து பாத்தா என்னென்ன தெரியும்? ஒவ்வொரு சைட்டுக்கும் மாறும், ஆனா சிலது கிட்டத்தட்ட எல்லா சின்ன கடை சைட்லயும் இருக்கு, அதனால எங்க கண்ண வைக்கணும்னு சொல்லிடறேன்.

மொதல்ல அந்த ஓடற பேனர். முதல் ஸ்க்ரீன் முழுக்க மூணு படம் மாறி மாறி ஓடும், அதுல ஒண்ணுல ஆஃபர், ஒண்ணுல செக்கு போட்டோ, ஒண்ணுல தாத்தா போட்டோ. பாருங்க, வர்றவங்க விரல் அத அப்படியே தாண்டிப் போயிடும். விளம்பரம் மாதிரி தெரியற எதையும் கண்ணு தானா ஒதுக்கிடுதுன்னு 1998-லயே பென்வேயும் லேனும் ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க, பேனர் பிளைண்ட்னெஸ்னு பேர். நீங்க ரொம்ப முக்கியம்னு நினைக்கிற ஆஃபர அந்த மாதிரி டிசைன் பண்ணா அதுதான் யார் கண்ணுலயும் படாது. படிக்கிறதும் அப்படித்தான், நீல்சன் 1997-ல எழுதினதுல டெஸ்ட்டுக்கு வந்தவங்கள்ல 79 சதவீதம் பேர் புதுப் பக்கத்த மேலோட்டமாத்தான் மேஞ்சாங்க, வார்த்த வார்த்தையா படிச்சவங்க 16 சதவீதம்தான். அது கம்ப்யூட்டர் காலம், இப்ப கட்டைவிரல் இன்னும் வேகமா ஓடுது. அதனால பொருளோட பேர், போட்டோ, அளவு, விலை, எப்ப வந்து சேரும், இந்த அஞ்சும் முதல் ஸ்க்ரீன்லயே இருக்கணும். தாத்தா கதை நல்ல கதையாவே இருக்கட்டும், கீழ போடுங்க, தேடிப் படிக்கிறவங்க படிப்பாங்க.

அடுத்தது பணம் பத்தினது, இதுதான் பெருசு. 340 ரூபாய்னு பாத்து வந்தவங்க, பேர் போட்டு, அட்ரஸ் போட்டு, ஓடிபி போட்டு, கடைசி பக்கத்துல டெலிவரி சார்ஜ் 120 ரூபாய்னு பாக்குறாங்க. அந்த நொடி மூஞ்சியப் பாருங்க. இது காசு பிரச்சனை மட்டும் இல்ல, ஏமாத்திட்டாங்கங்கற எரிச்சல். பேமார்ட் இன்ஸ்டிடியூட்னு டென்மார்க்ல இருந்து பல வருஷமா ஆன்லைன் கடைகள மட்டுமே ஆராயறவங்க இருக்காங்க, அவங்க தொகுத்த கணக்குப்படி கார்ட்ல போட்டத சராசரியா சுமார் 70 சதவீதம் பேர் வாங்காமலே விட்டுட்டு போறாங்க, அதுல பாதி சும்மா வேடிக்கை பாக்க வந்த கூட்டம்னே வச்சாலும், வாங்க வந்துட்டு விட்டவங்க சொல்ற முதல் காரணம் கடைசில சேர்ற கூடுதல் செலவுதான். அதனால பொருள் பக்கத்துலயே ஒரு பின்கோடு கட்டம் வைங்க, 6 நம்பர் போட்டதும் டெலிவரி சார்ஜும் நாளும் தெரியணும். அது முடியலன்னா "தமிழ்நாட்டுக்குள்ள 2 லிட்டர் வரைக்கும் இவ்வளவு"ன்னு விலைக்கு கீழயே ஒரு வரி எழுதுங்க, அதுவே பாதி வேலைய பாக்கும். இத ஒளிச்சு வைக்கிறது சட்டப்படியும் வம்பு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல டார்க் பேட்டர்ன்னு 13 வகை ஏமாத்து வேலைகள பட்டியல் போட்டு தடை பண்ணிருக்கு, விலைய கொஞ்சம் கொஞ்சமா அவிழ்க்கிறது அதுல ஒண்ணு, கேக்காம கார்ட்ல இன்னொரு பொருள சேக்கறது ஒண்ணு, "இன்னும் 2 பாட்டில்தான் இருக்கு"ன்னு பொய்யா அவசரப்படுத்தறதும் ஒண்ணு. தீம் விக்கிறவங்க இந்த பொய் கவுண்டவுன் டைமர இலவச இணைப்பா குடுக்கறாங்க, கழட்டிப் போடுங்க.

லாகின். ஒரு பாட்டில் எண்ணெய் வாங்க வந்த ஆள் கிட்ட அக்கவுண்ட் தொடங்கு, பாஸ்வேர்ட் வை, பெரிய எழுத்து ஒண்ணு சின்ன எழுத்து ஒண்ணு ஸ்பெஷல் எழுத்து ஒண்ணுன்னு கேக்கறது, கடை வாசல்ல நிறுத்தி ஆதார் கேக்கற மாதிரி. போன் நம்பர் போதும், வேணும்னா ஆர்டர் முடிஞ்ச அப்புறம் "விவரத்த சேமிச்சு வைக்கவா"ன்னு கேளுங்க.

ஃபார்ம் பத்தி தனியாவே சொல்லணும், ஏன்னா நம்ம சைட் ஃபார்ம் எல்லாம் வெளிநாட்டு தீம்ல இருந்து வந்தது. ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம், ரெண்டும் கட்டாயம்னு இருக்கும். நம்மூர்ல லாஸ்ட் நேமுக்கு எங்க போறது, இனிஷியல்தான் இருக்கு. டெஸ்ட்ல கவனிங்க, அந்த கட்டத்துக்கு வந்ததும் ஒரு நிமிஷம் நிப்பாங்க, அப்புறம் அப்பா பேர போடலாமா வீட்டுக்காரர் பேர போடலாமான்னு யோசிப்பாங்க, "க"ன்னு ஒரு இனிஷியல் போட்டா குறைஞ்சது ரெண்டு எழுத்து வேணும்னு சிவப்புல இங்கிலீஷ்ல ஒரு வரி வரும், கடைசில ஒரு புள்ளியப் போட்டு தாண்டுவாங்க. பேர்னு ஒரே கட்டம் போதும். போன் நம்பர் கட்டத்த தொட்டா நம்பர் கீபோர்ட் வரணும், ஏபிசிடி வரக் கூடாது, இது டெவலப்பருக்கு ஒரு வரி வேலை. 0 சேத்துப் போட்டாலும், 91 சேத்துப் போட்டாலும், நடுவுல ஸ்பேஸ் விட்டுப் போட்டாலும் வாங்கிக்கிட்டு உள்ள சரி பண்ணிக்கணும், அதுக்கெல்லாம் திட்டக் கூடாது. பின்கோட மொதல்ல கேட்டா ஊரும் மாவட்டமும் தானா நிரம்பிடும், தட்டச்சு கம்மி. அட்ரஸ் லைன் 1, அட்ரஸ் லைன் 2-ன்னு போடாதீங்க, கதவு எண் தெரு, ஊர், பக்கத்துல அடையாளம்னு போடுங்க, கொரியர் அண்ணன் போன் பண்ணி "எங்க சார் வீடு"ன்னு கேக்கறது குறையும். ஐபோன்ல கட்டத்துக்குள்ள எழுத்து 16 பிக்சலுக்கு கம்மியா இருந்தா தொட்டதும் பக்கமே பெருசாகி பாதி வெளிய ஓடிடும், அதையும் பாத்துக்கோங்க. எல்லாத்துக்கும் மேல, ஒரு தப்பு இருக்குன்னு மொத்த ஃபார்மையும் காலி பண்ணிடற சைட்டுங்க இன்னும் இருக்கு. அப்படி ஆச்சுன்னா ரெண்டாவது தடவ யாரும் எழுத மாட்டாங்க.

தமிழ்ல எழுத்து போட்டிருக்கீங்கன்னா இதையும் செக் பண்ணுங்க. இங்கிலீஷுக்குன்னு செஞ்ச தீம்ல வரிக்கு வரி இடைவெளி கம்மியா இருக்கும், தமிழ்ல மேல புள்ளி சுழி கீழ வளைவுன்னு இருக்கறதால வரிங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும், எழுத்து உயரத்துக்கு 1.6 மடங்காவது வைங்க. எழுத்துக்கு நடுவுல ஸ்பேஸ் கூட்டற ஸ்டைல் தலைப்புல இருந்தா எடுத்துடுங்க, கொம்பு தனியா கால் தனியா நின்னு படிக்கவே முடியாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரைன்னு இலவசமாவே நல்ல ஃபான்ட்டுங்க கூகுள் ஃபான்ட்ஸ்ல இருக்கு. வெள்ளை மேல வெளிர் சாம்பல் எழுத்து ஸ்டைலா இருக்கும், வெயில்ல நின்னு பாக்கறவருக்கு ஒண்ணும் தெரியாது, எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைஞ்சது 4.5-க்கு 1 கான்ட்ராஸ்ட் (வெளிச்ச வித்தியாசம்) இருக்கணும்னு உலக அளவுல விதி இருக்கு, இலவசமா செக் பண்ற டூல் நிறைய உண்டு. விலைப் பட்டியல போஸ்டரா பண்ணி படமா போடறத நிறுத்துங்க, போன்ல எழுத்து எறும்பு சைஸ்ல தெரியும், காப்பி பண்ண முடியாது, கண் தெரியாதவங்க எழுத்த வாசிச்சுக் காட்டற ஸ்க்ரீன் ரீடர்ல கேக்கவும் முடியாது.

வேகத்துக்கு ரொம்ப பேச வேண்டாம். கூகுளோட அளவுகோல்படி பக்கத்துல பெரிய படமோ எழுத்தோ 2.5 செகண்டுக்குள்ள தெரியணும், தட்டினா 200 மில்லிசெகண்டுக்குள்ள ஏதாவது அசையணும். கூகுளோட பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்ங்கற இலவச டூல்ல உங்க சைட் முகவரியப் போட்டா எங்க இழுக்குதுன்னு அதுவே சொல்லும். சின்ன கடை சைட்ல பெரும்பாலும் குற்றவாளி போன் கேமரால எடுத்து அப்படியே ஏத்தின 4 எம்பி போட்டோ, அத சுருக்கி வெப்பி (WebP)ங்கற சைஸ் கம்மியான பட ஃபார்மட்ல போட்டாலே பாதி சரியாயிடும். படத்துக்கு நீள அகலம் முன்னாடியே குறிச்சு வைங்க, இல்லன்னா ஒரு பட்டன அமுக்கப் போகும்போது படம் லேட்டா வந்து எல்லாத்தையும் கீழ தள்ளி வேற எதையோ அமுக்க வச்சிடும்.

அப்புறம் அந்த பச்சை வாட்ஸ்அப் உருண்டை, வலது பக்கம் கீழ மிதக்குமே. வேணும்தான், நம்மாளுங்க பாதி பேர் அதுலதான் ஆர்டர் போடுவாங்க. ஆனா சின்ன ஸ்க்ரீன் போன்ல அது "ஆர்டர் செய்" பட்டன் மேலயே உக்காந்துக்கிட்டு இருக்கும், அக்கா ஆர்டர் அமுக்க நினைச்சு வாட்ஸ்அப்புக்கு போய் நிப்பாங்க. கூடவே நோட்டிஃபிகேஷன் அனுப்பவான்னு ஒரு பாப்அப், 10 சதவீதம் தள்ளுபடிக்கு மெயில் ஐடி குடுன்னு ஒரு பாப்அப், குக்கிக்கு அனுமதி கேட்டு ஒரு பட்டை, மூணும் ஒரே நேரத்துல வந்தா பொருளே தெரியாது. மூடற எக்ஸ் குறி குண்டூசி தலை அளவுல இருக்கும். தொடற எதுவும் விரல் அளவுக்கு இருக்கணும், ஆப்பிள் 44 பாயிண்ட்னு சொல்லுது, ஆண்ட்ராய்டு பக்கம் 48-ன்னு சொல்றாங்க, அதுக்கு கம்மியா போகாதீங்க.

அஞ்சு பேரும் முடிஞ்சதும் அன்னைக்கே, மறக்கறதுக்குள்ள, நோட்ட விரிச்சு வச்சு எண்ணுங்க. மூணு பேருக்கு மேல மாட்டின இடம் எது, ஒருத்தரே ஆனாலும் ஆர்டரயே விட்டுட்டு போன இடம் எது, அது ரெண்டும்தான் மொதல்ல. "லோகோ இன்னும் பெருசா இருக்கலாம்"ங்கற மாதிரி கருத்துங்க வரும், தனியா ஒரு ஓரத்துல எழுதி வச்சுட்டு விட்டுடுங்க. சரி பண்ணும்போது சின்னதா பண்ணுங்க. டெலிவரி சார்ஜ் தெரியலன்னா ஒரு வரி சேருங்க, அதுக்காக சைட்டயே புதுசா கட்டறேன்னு டெவலப்பர் கிளம்பினா ஒத்துக்காதீங்க, பழைய குறை போய் புதுசா பத்து குறை வரும், அத கண்டுபிடிக்க இன்னொரு அஞ்சு பேர் வேணும்.

ஆள் வச்சு பாக்கறதுக்கு நடுவுல மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி மாதிரி இலவச டூல் போட்டு வைக்கலாம், எங்க தட்டறாங்க, எங்க கோவத்துல அதே இடத்த படபடன்னு தட்டறாங்க, எத தட்டினா ஒண்ணும் ஆகலன்னு ரெக்கார்டிங்காவே காட்டும். என்ன நடந்துச்சுன்னு அது சொல்லும், ஏன்னு சொல்லாது, ஏன்னு தெரிய மறுபடி பக்கத்துல உக்காந்துதான் ஆகணும். அத போட்டா பிரைவசி பக்கத்துல ஒரு வரி எழுதிடுங்க, 2023-லயே டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு.

எப்ப பண்ணலாம்னு கேட்டா தீபாவளிக்கு ரெண்டு மாசம் முன்னாடி முதல் அஞ்சு பேர், சரி பண்ணிட்டு ஒரு மாசம் முன்னாடி அடுத்த அஞ்சு பேர். கடைசி ரெண்டு வாரம் சைட்ல கைய வைக்காதீங்க, அந்த நேரத்துல ஏதாவது தோணினா நோட்டுல எழுதி வச்சுட்டு பொங்கல் முடிஞ்சு பாத்துக்கலாம்.